பிளாஸ்டிக்கில் பித்தளை மரை: பிடிமானம் எங்கிருந்து வருகிறது?

3டி பிரிண்ட் செய்த பெட்டியில் நேரடியாக ஸ்க்ரூ முடுக்கினால், சில தடவை கழற்றி மாட்டுவதற்குள் பிளாஸ்டிக் மரை தேய்ந்து ஸ்க்ரூ சும்மா சுற்றத் தொடங்கிவிடும். அதற்குத்தான் பித்தளை இன்சர்ட் என்னும் சிறு உருளை. உள்ளே மரை, வெளியே சொரசொரப்பான வரிகள். சூடாக்கித் துளைக்குள் இறக்கும்போது இளகிய பிளாஸ்டிக் அந்த வரிகளுக்குள் புகுந்து, ஆறியதும் இறுகிக்கொள்ளும். பசைக்கு வேலையே இல்லை. நல்ல இன்சர்ட்டை உற்றுப் பாருங்கள்: மேல்வரிசை வரிகள் ஒரு பக்கமும் கீழ்வரிசை எதிர்ப்பக்கமும் சாய்ந்திருக்கும், நடுவே ஒரு பள்ளம் ஓடும். வரிகள் இன்சர்ட்டைச் சுழலவிடாது. பள்ளம் பிடுங்கிக்கொண்டு வரவிடாது.

அந்த வரிகளை நிரப்பும் பிளாஸ்டிக் துளையின் சுவரிலிருந்துதான் வந்தாக வேண்டும். அதனால் துளையின் அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 4.6 மி.மீ. வெளிவிட்டமும் 5.7 மி.மீ. நீளமும் உள்ள எம்3 (3 மி.மீ. ஸ்க்ரூவுக்கான) இன்சர்ட்டுக்கு 4 மி.மீ. துளை சரி. பெரிதானால் வரிகள் பாதி காலியாகவே நிற்கும். சிறிதானால் மிஞ்சிய பிளாஸ்டிக் மேலே பிதுங்கும், சுவர் வெடிக்கும். பிரிண்டர் துளையைச் சற்றுச் சிறிதாகவே அச்சிடும், எனவே வெர்னியரால் அளந்துவிடுங்கள். ஆழம் இன்சர்ட்டைவிட 1 முதல் 2 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். துளையின் சுவருக்குப் பிரிண்டர் நான்கு சுற்றாவது பிளாஸ்டிக் கோடு இழுக்க வேண்டும். இரண்டே சுற்று வைத்தால் அதற்கு அப்பால் இருப்பது பெரும்பாலும் காற்று.

இன்சர்ட்டைச் சூடாக்கும் சால்டரிங் அயர்னை, பிளாஸ்டிக்கின் வகையைப் பொறுத்து, பி.எல்.ஏ.வுக்கு 220 டிகிரி செல்சியஸ், பி.இ.டி.ஜி.க்கு 240, ஏ.பி.எஸ்.ஸுக்கு 260 அளவில் வைத்துத் தொடங்கலாம். இன்சர்ட்டை நேராக நிறுத்தி, அயர்னின் எடையோடு லேசான அழுத்தம் மட்டும் கொடுங்கள். சூடேறுமுன் அழுத்தினால் பித்தளை சுவரை இளக்காமல் சுரண்டும், சாய்ந்தும் போகும். அரை மி.மீ. மேலே நிற்கும்போதே அயர்னை எடுத்துவிட்டு, தட்டையான உலோகத் துண்டால் மட்டமாக அழுத்திப் பிடியுங்கள். அதுவே சூட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். கூர்முனை அயர்ன் என்றால் மரையில் சிக்கி இன்சர்ட்டையே திரும்ப இழுத்துவரும். எம்3க்கென்று விற்கும் முனை வாங்குவது நல்லது.

இத்தனையும் சரியாகச் செய்து மூடியில் கோட்டைவிடுகிறவர்கள் நிறைய. மூடியின் துளை இன்சர்ட்டைவிடப் பெரிதாக இருந்தால், முடுக்க முடுக்க ஸ்க்ரூ ஜாக்கி போல இன்சர்ட்டை மேலே தூக்கிவிடும். மூடியில் 3.4 மி.மீ. துளை போதும். அப்போது மூடி பித்தளையின் மேலேயே அமரும், இழுவிசை பிளாஸ்டிக்குக்குப் போகாது.