மலைவாழைக் கன்றை நடுமுன் செய்ய வேண்டிய வைரஸ் பரிசோதனை

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர்ப் பகுதி விவசாயிகள் கன்று வாங்கும்போது, தாய்மரம் திடமாக இருந்தது என்பதையே பெரும்பாலும் சான்றாகக் கொள்கிறார்கள். வாழையின் இலைகளைக் குறுக்கி உச்சியில் கொத்தாக்கும் வைரஸ் நோயான முடிக்கொத்தைப் பொறுத்தவரை அந்தச் சான்று போதாது. 1889-இல் பிஜியில் முதலில் பதிவான இந்நோய், 1940 வாக்கில் இலங்கையிலிருந்து கேரளத்துக்கு வந்ததாகக் கருதப்படுகிறது. காபித் தோட்டங்களில் ஆண்டுக்கணக்கில் ஒரே குத்தாக நின்று காய்த்த விருப்பாச்சி, சிறுமலை என்ற மலைவாழை வகைகளை அது எப்படிக் குறைத்தது என்பதை இங்குள்ள பெரியவர்களிடம் கேட்டாலே தெரியும். நோய் தொற்றியதற்கும் அறிகுறி தெரிவதற்கும் இடையே வாரங்கள் கழியும். அந்த இடைவெளியில் பெயர்க்கப்படும் ஈட்டிக்கன்று (ஒடுங்கிய இலையுள்ள பக்கக்கன்று), பார்வைக்கு ஒரு குறையும் இல்லாமல், வைரஸோடு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும்.

அறிகுறி வந்தபின் அடையாளம் காண்பது கடினமன்று. இளம் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அடிப்புறத்தைப் பார்த்தால், கிளைநரம்புகளில் கரும்பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் விட்டுவிட்டுத் தெரியும். நடுநரம்பைத் தொடும் இடத்தில் அவை தூண்டில் முள்போலக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். இலைகள் குறுகி, ஓரம் மஞ்சளித்து, உச்சியில் கொத்தாக நிமிர்ந்து நிற்பது பிந்தைய நிலை. அரிவாளால் இந்நோய் பரவுவதில்லை. பட்டை இடுக்கில் அடைந்து சாறு உறிஞ்சும் கரும்பழுப்பு அசுவினிப் பூச்சியும், நாம் சுமந்து செல்லும் கன்றுமே அதைப் பரப்புகின்றன. ஆகவே நோயுற்ற குத்தில் முதலில் அசுவினியைக் கொன்றுவிட்டு, அதன்பின்பே கிழங்கோடு அகற்ற வேண்டும். வெட்டிவிட்டுப் பிறகு மருந்தடித்தால், கலைந்த அசுவினிகள் பக்கத்து மரங்களுக்கு ஏறிவிடும்.

இவ்வைரஸ் தாவரத்தில் உணவு கடத்தும் ஃபுளோயம் திசுவுக்குள்ளேயே வாழ்வதால், பரிசோதனைக்கு இலைப்பரப்பைவிட இளம் இலையின் நடுநரம்பே உகந்தது. வாழைச்சாற்றிலுள்ள ஃபீனால்களும் பிசினும், மரபுப்பொருளைப் பெருக்கி வைரஸைக் கண்டறியும் பி.சி.ஆர். வினையைத் தடுக்கக்கூடியவை. அதனால் அதே மாதிரியில் வாழையின் சொந்த மரபணு ஒன்றையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். அதுவே தெரியாதபோது கிடைக்கும் 'வைரஸ் இல்லை' என்ற முடிவை நான் ஏற்பதில்லை.

முடிக்கொத்து வைரஸின் மரபுப்பொருள் ஆறு வட்ட வடிவ ஒற்றையிழை டி.என்.ஏ. துண்டுகளாக, ஒவ்வொன்றும் சுமார் 1,000 முதல் 1,100 நியூக்ளியோடைடு நீளத்தில் இருக்கும். பெருக்கத்துக்கான புரதத்தைத் தரும் துண்டின் வரிசையைப் படித்து ஒப்பிட்டால், உலகெங்கும் உள்ளவை பசிபிக்–இந்தியப் பெருங்கடல் குழு, தென்கிழக்காசியக் குழு என இரண்டாகப் பிரிகின்றன. இந்திய வைரஸ்கள் முதல் குழுவைச் சேர்ந்தவை. இரண்டாம் குழுவின் வரிசை இம்மலையில் தென்பட்டால், நடவுப் பொருள் வெளியிலிருந்து வந்ததா என்று உடனே விசாரிக்க வேண்டியிருக்கும்.

இலையில் கீற்றுக் கீற்றாகக் கோடுகளை உண்டாக்கும் மற்றொரு வைரஸான வாழைக் கீற்று வைரஸின் நிலை வேறு, சிக்கலும் அதிகம். மலைவாழை 'ஏ.ஏ.பி.' மரபுத்தொகுதி கொண்டது, அதாவது 'ஏ' என்ற காட்டுவாழை இனத்திலிருந்து இரண்டும் 'பி' என்ற இனத்திலிருந்து ஒன்றுமாக மூன்று தொகுதிகள் உள்ளது; 'பி' தொகுதியின் குரோமோசோமுக்குள்ளேயே இவ்வைரஸின் மரபுத் துணுக்குகள் தலைமுறைகளாகப் பதிந்து கிடப்பதுண்டு. சாதாரண பி.சி.ஆர். அந்தத் துணுக்கையும் வைரஸ் என்றே காட்டிவிடும். நோயற்ற தாய்மரம் வீணாகக் கழிக்கப்படும். உயிர்ப்புள்ள வைரஸின் டி.என்.ஏ. வட்டமாக இருக்கும், குரோமோசோமில் பதிந்த துணுக்கு அப்படி இராது; ஆகவே வட்ட டி.என்.ஏ.வை மட்டும் பெருக்கிக் காட்டும் முறை இரண்டையும் பிரித்தறிய உதவுகிறது. குளிரில் கீற்று வைரஸின் அறிகுறி கூடும், வெயிலில் மங்கும். எனவே கோடையில் மட்டும் பார்த்துத் தாய்மரம் தேர்வது சரியாகாது.

திசு வளர்ப்புக் கன்று வாங்குவோர், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் சான்றளிப்பு முறை 2006 முதல் இருப்பதை அறிந்திருப்பது நல்லது. அதில் முடிக்கொத்து, வெள்ளரித் தேமல், பூமடல் தேமல், கீற்று ஆகிய நான்கு வைரஸ்களும் சோதிக்கப்படுகின்றன. சான்றொட்டு உள்ளதா என்பதோடு, கீற்று வைரஸுக்கு எந்த முறையில் சோதித்தார்கள் என்பதையும் விற்பவரிடம் கேளுங்கள்.