கிளாக்கோமாவுக்கு பி3 மாத்திரை: அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

கிளாக்கோமா என்பது பார்வை நரம்பு மெல்லக் கெடும் நோய். அதில் கண் அழுத்தம் கட்டுக்குள் இருந்தும் சிலருக்குப் பார்வைப்புலம் (கண் ஒரே பார்வையில் காணும் பரப்பு) சுருங்கிக்கொண்டே போகும். ஏன் என்று தேடியவர்கள் வந்து நின்ற இடங்களில் ஒன்று வைட்டமின் பி3. விழித்திரை நரம்புச் செல்கள் ஆற்றல் தயாரிக்க என்ஏடி என்ற மூலக்கூறு வேண்டும். வயதாக ஆக அது குறைகிறது. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகம் 2017-ல், கிளாக்கோமா வரும் இன எலிகளுக்கு பி3-யின் ஒரு வடிவமான நிகோடினமைடைக் கொடுத்துப் பெரும்பாலான கண்களைக் காப்பாற்றியது. (பெயரைக் கேட்டு சிகரெட் நிகோடின் என்று பயப்பட வேண்டாம், அது வேறு.)

மனிதர்களில்? மெல்போர்னில் 57 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2020-ல் வந்தது. ஆறு வாரம் தினமும் 1.5 கிராம், அடுத்த ஆறு வாரம் 3 கிராம். ஒளி பட்டதும் விழித்திரை காட்டும் மின்துடிப்பு ஓரளவு மேம்பட்டது. கண் அழுத்தம் மாறவில்லை. அதாவது அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டு மருந்தின் வேலையை இது செய்யாது. மாத்திரையை நம்பிச் சொட்டு மருந்தை நிறுத்தினால் அழுத்தம் ஏறும், வலிக்காது, தெரியவே தெரியாது.

ரத்தப் பரிசோதனையிலேயே இதைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற கதையும் இப்படித்தான். 2024-ல் லண்டன் குழுவொன்று ரத்த வெள்ளணுக்களின் ஆக்சிஜன் பயன்பாட்டை அளந்தது. அது குறைவாக இருந்தவர்களுக்குப் பார்வை இழப்பு வேகமாக நடந்தது. நோயாளிகளிடம் என்ஏடியும் குறைவாக இருந்தது. ஆனால் ஆக்சிஜன் பயன்பாடு உயிருள்ள செல்களில் செய்யும் அளவீடு. என்ஏடியோ சீக்கிரம் சிதையும்; மாதிரியை உடனே பதப்படுத்த வேண்டும். லேப்களின் வைட்டமின் பேக்கேஜ் இதைக் காட்டாது. கிளாக்கோமாவைக் கண்டறிவது இன்றும் அழுத்த அளவு, பார்வை நரம்புப் பரிசோதனை, பார்வைப்புலச் சோதனை, விழித்திரை அடுக்குகளைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன் ஆகியவற்றால்தான்.

இனி அட்டை. 'நியாசினமைட்' என்றால் நிகோடினமைடேதான். 'நியாசின்' என்று மட்டும் இருந்தால் நிகோடினிக் ஆசிடாக இருக்கலாம்: முகம் சிவந்து எரியும், அதிக அளவில் மாகுலாவில் (விழித்திரையின் மையப் பகுதி) நீர் கோக்கவும் கூடும். பி-காம்ப்ளெக்ஸ் காப்ஸ்யூலில் 100 மி.கி. நிகோடினமைட் இருந்தால், 3 கிராமுக்கு 30 விழுங்க வேண்டும். கூடவே காப்ஸ்யூலுக்கு 3 மி.கி. பி6 வீதம் தினம் 90 மி.கி. உள்ளே போகும். நீண்ட காலம் எடுக்கும் அதிக பி6 கை, கால் நரம்புகளையே கெடுக்கும்!

3 கிராம் அளவில் வாந்தி உணர்வு, வயிற்றுப்போக்கு வரலாம். கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. மருத்துவர் சொல்லித் தொடங்குவதானாலும் முன்னும் பின்னும் கல்லீரல் பரிசோதனை வேண்டும். சிறுநீர் கறுத்தாலோ கண் மஞ்சளானாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வலிப்புக்குக் கார்பமசெபைன் எடுப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு கூடிவிடலாம்.