வாடிய நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்

ஆடி பிறந்தால் போதும், நாற்றுப் பண்ணை நடத்துபவர்களின் வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரிப் படங்கள் வந்து குவியும். ஹால் ஜன்னலோரம் ஒரு குழித்தட்டு. அணிலுக்கும் மழைக்கும் பயந்து வீட்டுக்குள் வைக்கப்பட்ட தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகள். தண்டு நூல் மாதிரி நீண்டு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், இலை தொங்கியிருக்கும், கீழே தாம்பாளத்தில் தண்ணீர் தேங்கியிருக்கும். கேள்வியும் ஒன்றுதான்: "என்ன உரம் போடலாம்?"

எதுவும் போட வேண்டாம்.

இந்தப் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை. மேலும் விசாரித்தால், அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றியாயிற்று, வெங்காயத் தோல் ஊறிய தண்ணீர் ஊற்றியாயிற்று, பஞ்சகவ்யம் "கொஞ்சமாக" கொடுத்தாயிற்று, யாரோ வீடியோவில் சொன்னார்கள் என்று எப்சம் உப்பும் போட்டாயிற்று என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். முளைத்துப் பத்து நாள்கூட ஆகாத செடிக்கு இத்தனையும். முளைக்கும்போது முதலில் விரியும் வித்திலைகளில் இருக்கும் சேமிப்பே அதற்கு இப்போதைக்குப் போதும். அதற்கடுத்து வரும் உண்மை இலை இரண்டு விரியும் வரை வெளிச் சாப்பாடு தேவையே இல்லை.

ஏராளமான நாற்றுகளைக் கொல்வது ஒரே ஒரு நம்பிக்கைதான்: இலை வாடினால் செடிக்குத் தாகம். வயலில் நிற்கும் வளர்ந்த செடிக்கு இது பெரும்பாலும் சரி. வீட்டுக்குள் கோகோபீட்டில், அதாவது தேங்காய் நார்த் தூளில், நிற்கும் நாற்றுக்கு முக்கால்வாசி நேரம் தவறு. வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். கோகோபீட்டின் இடுக்குகளெல்லாம் நாள் கணக்கில் தண்ணீரால் அடைபட்டால் வேர் மூச்சுத் திணறும், மூச்சுத் திணறும் வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆக, தண்ணீரில் நின்றுகொண்டே இலை வாடும். அதைப் பார்த்து இன்னும் ஒரு டம்ளர் ஊற்றுகிறோம். மறுநாள் இன்னும் வாடுகிறது. இன்னொரு டம்ளர்.

கோகோபீட்டுக்கு ஏமாற்றும் குணமும் உண்டு. மேலே அரை சென்டிமீட்டர் காய்ந்து வெளிர்பழுப்பாகத் தெரியும்போது அடியில் பிழிந்தால் சொட்டும் ஈரம் இருக்கும். கண்ணை நம்பாதீர்கள். தட்டைத் தூக்கிப் பாருங்கள். நன்றாகத் தண்ணீர் விட்டு வடிந்ததும் ஒருமுறை தூக்கி அந்தக் கனத்தைக் கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். அதில் பாதிக்குக் கீழே கனம் குறைந்தால்தான் அடுத்த தண்ணீர். 98 குழித் தட்டில் ஒரு குழிக்கு இரண்டு மேசைக்கரண்டி அளவுகூடப் பிடிக்காது. அதற்கு டம்ளர் கணக்கு சரிப்படாது.

தட்டு லேசாக இருந்து, இலை காகிதம் போல் துவண்டிருந்தால் அது நிஜமான தாகம். தண்ணீர் விட்டால் ஓரிரு மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும், அதைப் பற்றி ஒன்றும் கவலை இல்லை. தட்டு கனமாக இருந்து, இலை தடித்து, விறைப்பாகக் கீழ்நோக்கி வளைந்து, அடி இலை மஞ்சளாகிக்கொண்டிருந்தால் வேரில்தான் கோளாறு. சந்தேகமாக இருந்தால் ஓரத்து நாற்று ஒன்றைக் குழியின் அடித்துளை வழியாகப் பென்சிலால் தள்ளி, இலையைப் பிடித்து வெளியே எடுங்கள். தண்டைப் பிடிக்காதீர்கள், இலை கிழிந்தால் வேறு இலை வரும், தண்டு நசுங்கினால் அந்த நாற்று அவ்வளவுதான். வேர் வெள்ளையாக, நுனியில் மெல்லிய ரோமங்களோடு கோகோபீட்டைக் கவ்விப் பிடித்திருந்தால் பிழைக்கும். பழுப்பாகி, விரலால் லேசாக இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று உள்ளே நரம்பு மட்டும் மிஞ்சினால் அழுகல் தொடங்கிவிட்டது. முகர்ந்தாலே தெரியும், புளித்த வாடை வரும்.

வேர் நன்றாக இருந்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தாம்பாளத் தண்ணீரைக் கொட்டுங்கள். நான்கைந்து மடிப்புப் பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் தட்டை வையுங்கள். அடித்துளை காகிதத்தைத் தொட்டால் தேங்கிய ஈரத்தைக் காகிதம் இழுத்துக்கொள்ளும். நனைய நனைய மாற்றுங்கள். வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள, நேர் வெயில் படாத இடத்தில் 2 முதல் 4 நாள் விடுங்கள். அதுவரை தண்ணீர் இல்லை, உரம் இல்லை, ஸ்பிரேயரும் இல்லை. மஞ்சளான இலை மறுபடி பச்சையாகாது, அதை எதிர்பார்க்காதீர்கள். நடுக்குருத்தைப் பாருங்கள். ஒரு வாரத்துக்குள் அங்கே புது இலை பச்சையாக விரிந்தால் தேறிவிட்டது என்று அர்த்தம். பிறகு காலையில் மட்டும், அடித்துளையில் லேசாக வடியும் அளவுக்கு ஒரே தடவையாக விட்டு, மறுபடி கனம் குறையும்வரை கைவைக்காமல் இருங்கள். தினமும் சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் பாசிக்கும் நோய்க்கும் வாசல்.

மண்மட்டத்தில் தண்டு நீர்கோத்து, நூலாக இளைத்து, நாற்று அப்படியே படுத்துவிட்டதா? அது நாற்றழுகல். பித்தியம், ரைசாக்டோனியா போன்ற பூஞ்சை வகைக் கிருமிகளின் வேலை. படுத்தது எழாது. அந்தக் குழியை மட்டுமில்லாமல் சுற்றியிருக்கும் குழிகளின் நாற்றுகளையும் கோகோபீட்டோடு எடுத்துக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். மிச்சமிருப்பதற்கு காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற தாமிரப் பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து வேர்ப்பகுதி நனையும்படி ஊற்றலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சமையல் பாத்திரத்தில் கரைக்காதீர்கள். டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் போன்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் எல்லாம் வருமுன் காக்க; விதை நேர்த்தியிலும் கோகோபீட் கலவையிலும் அவற்றுக்கு வேலை உண்டு, விழுந்த நாற்றை அவை தூக்கி நிறுத்தாது. தாமிர மருந்தோடு சேர்த்து ஊற்றினால் மருந்து அவற்றையே கொன்றுவிடக்கூடும். இரண்டையும் கலந்து "டபுள் பாதுகாப்பு" கொடுப்பவர்கள் நிறையப் பேர்.

தண்ணீர் சரியாக இருந்தும் நாற்று வளராமல் அப்படியே நிற்கிறது, இலை நுனியும் ஓரமும் கருகுகிறது, கோகோபீட் மேல் வெள்ளைப் பொடி படிகிறது என்றால் உப்பு. அது வருவது இரண்டு வழியில். ஒன்று, கழுவாத கோகோபீட். தேங்காய் மட்டை ஊறவைத்த தண்ணீர் உவராக இருந்தால் சோடியமும், நாரிலேயே இருக்கும் பொட்டாசியமும் கட்டியில் தங்கிவிடும். மலிவாகக் கிடைக்கும் 5 கிலோ கட்டியை ஊறவைத்து, பிழிந்து, குறைந்தது மூன்று தண்ணீரில் அலசுங்கள். கடைசி அலசலை ஆர்ஓ தண்ணீரிலோ மழைத் தண்ணீரிலோ செய்து, பிழிந்த தண்ணீரில், கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை விடுங்கள். 500க்குக் கீழே வந்தால்தான் விதைக்கலாம். மீட்டர் இல்லையென்றால் ஆர்ஓ சர்வீஸ் செய்ய வருபவர் பையில் கட்டாயம் ஒன்று இருக்கும்.

இரண்டாவது வழிதான் எரிச்சலைக் கிளப்புவது: ஆர்ஓ கழிவுத் தண்ணீர். வீணாகப் போகிறதே என்று அந்தக் குழாயை நேராகச் செடிக்கு விடுகிறீர்கள். நல்ல எண்ணம்தான், அந்தத் தண்ணீரில் தரை துடையுங்கள், கழிவறைக்கு ஊற்றுங்கள். ஆனால் போர்வெல் தண்ணீரே 800 காட்டும் வீட்டில் கழிவுக் குழாயில் வருவது அதைவிடக் கெட்டியான உப்புத் தண்ணீர். நாற்றுக்கு அது விஷம். நாற்று நிலையில் ஒரு வாரத்துக்குத் தேவைப்படுவது சில பாட்டில் தண்ணீர்தான். குடிக்கிற தண்ணீரிலிருந்தே கொடுங்கள், குடும்பம் நொடித்துவிடாது. உப்பேறிவிட்ட நாற்றுக்கு மட்டும் நான் மேலே சொன்ன விதி மாறும்: அந்தக் குழியின் கொள்ளளவைப்போல் 3, 4 மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, முழுக்க அடியில் வடியவிட்டு, பிறகு காயவிட வேண்டும். மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்குமே என்று பயப்படுபவர்கள் ஒரு ராத்திரி வாளியில் திறந்து வையுங்கள், போதும்.

வெளிச்சத்துக்கு வருவோம். "எங்க ஹால்ல நல்ல வெளிச்சம் சார்." நம் கண்ணுக்கு. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ்; உச்சிவெயில் சுமார் 1 லட்சம் லக்ஸ். ஜன்னலை விட்டு ஓரடி, ஈரடி உள்ளே வந்தாலே அது சில ஆயிரங்களுக்கு இறங்கிவிடும், ஹால் நடுவில் சில நூறுதான். கண்மணி விரிந்து அந்த வித்தியாசத்தை நமக்கு மறைத்துவிடுகிறது. இலைக்கு அப்படி ஒரு வசதி கிடையாது. வெளிச்சத்தைத் தேடித் தேடித் தண்டு நீள்கிறது. அதைத்தான் "சீக்கிரமா வளருது" என்று சந்தோஷப்படுகிறீர்கள்.

செடி வளர்க்கவென்றே விற்கும் ஊதா நிற விளக்கு வாங்க வேண்டியதில்லை. மின்சாமான் கடையில் கிடைக்கும் 4 அடி, 20 வாட், 6500 கெல்வின் (வெள்ளை ஒளி) எல்இடி பேட்டன், அதாவது நீளக் குழல்விளக்கு, இரண்டு போதும். ஆனால் கூரையில் மாட்டினால் பயனில்லை, நாற்றின் தலையிலிருந்து சுமார் 15 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்க வேண்டும். வளர வளரச் சங்கிலியை ஏற்றிக்கொண்டே போங்கள். 14 முதல் 16 மணி நேரம் எரியட்டும், மிச்ச நேரம் இருட்டு. புறங்கையை இலை மட்டத்தில் அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். சூடு உறைத்தால் இலைக்கும் உறைக்கும். மின்விசிறிக் காற்று லேசாக இலையை ஆட்டினால் தண்டு தடிக்கும், நேராக மூஞ்சியில் அடித்தால் இலை காயும்.

ஏற்கெனவே நெட்டையாகிவிட்ட தக்காளி நாற்றைக் காப்பாற்றுவது சுலபம். 10 சென்டிமீட்டர் கப்புக்கு மாற்றும்போது வித்திலைக்குச் சற்றுக் கீழேவரை தண்டைப் புதைத்துவிடுங்கள், புதைந்த தண்டு முழுக்க வேர் விடும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் இதையே செய்யாதீர்கள், அவை அப்படித் தாராளமாக வேர் விடாது. ஒரு சென்டிமீட்டர் ஆழம் கூடுதலாக வைத்து, ஈர்க்குச்சி ஒன்று ஊன்றி, வெளிச்சத்தைக் கூட்டுங்கள். பாகல், புடலை, சுரைக்கெல்லாம் இந்த அவஸ்தையே வேண்டாம், நேராகத் தொட்டியிலேயே ஊன்றுங்கள்.

ஒரு கெஞ்சல். நெட்டையான நாற்றைப் பார்த்துப் பதறி, தூக்கிக்கொண்டுபோய் மொட்டைமாடியில் உச்சிவெயிலில் வைக்காதீர்கள். வீட்டு வெளிச்சத்தில் பிறந்த இலை ஒரே மதியத்தில் வெளுத்துப் போகும். காலை வெயிலில் 1 மணி நேரம், மறுநாள் இன்னும் கொஞ்சம் என 7 முதல் 10 நாளில் பழக்குங்கள்.

மிளகாய் இலை சுருண்டால் மட்டும் தண்ணீரையும் உரத்தையும் விட்டுவிட்டு இலையைத் திருப்பிப் பாருங்கள். மேல்நோக்கிப் படகு மாதிரி வளைந்தால் இலைப்பேன், கீழ்நோக்கி வளைந்தால் சிலந்திப்பேன். லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெய், ஐந்தாறு சொட்டு காதி சோப்புக் கரைசல், சாயங்காலம், விளக்கை அணைத்த பிறகு. முதலில் ஒரே ஒரு நாற்றில் அடித்து ஒரு நாள் பொறுங்கள். தட்டைத் தட்டினால் குட்டிக் கறுப்பு ஈக்கள் கிளம்புகின்றனவா? அதன் புழு ஈரக் கோகோபீட்டில் இருந்துகொண்டு வேர் ரோமத்தைத் தின்னும். அரிசி கழுவிய தண்ணீரையும் டீத்தூளையும் நிறுத்துங்கள், மேற்பரப்பைக் காயவிடுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்றைத் தட்டின் ஓரம் செருகுங்கள்.

உரம், உரம் என்று கேட்டீர்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். உண்மை இலை இரண்டு முழுசாக விரிந்து, செடி தேறிப் புதுக்குருத்து விட்ட பிறகு, 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில் உள்ள, நீரில் கரையும் உரம்) லிட்டருக்கு 1 கிராம், வாரம் ஒருமுறை. ஒரு மட்டமான தேக்கரண்டி சுமார் 5 கிராம், அதை 5 லிட்டரில் கரையுங்கள். பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி என்று எல்லோரும் சொல்வது வளர்ந்த செடிக்கான கணக்கு.

தண்டு கழுத்தில் ஒடிந்தது, குருத்தே இல்லாமல் மொட்டையாக நிற்பது, இரண்டு வாரமாகியும் அசையாதது, இவற்றை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம், பிடுங்கிவிடுங்கள். பழைய தட்டை பிளீச்சிங் பவுடர் கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசி, வெயிலில் காயவைத்துவிட்டுப் புதுக் கோகோபீட் நிரப்புங்கள். தக்காளி ஒரு வாரத்தில் முளைத்துவிடும், மிளகாய் பத்துப் பன்னிரண்டு நாள் எடுக்கும். ஆவணியிலும் விதைக்கலாம். இந்த முறை தாம்பாளம் இல்லாமல்.