அந்தக் கல்லை அடுப்பில் வைக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வரும் போன், எங்கள் தொழிலில் நல்ல செய்தி கொண்டுவந்ததே இல்லை. அன்று பேசியது சென்னை அடையாறில் நான் பராமரிக்கும் மரைன் டேங்க்கின், அதாவது உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியின் சொந்தக்காரர், இளைஞர்.

"அண்ணா, டோட்ஸ்டூல் செத்துப்போச்சு. நாலு நாளா மூடியே கிடக்கு, மேல பாலாடை மாதிரி என்னமோ படிஞ்சிருக்கு. பக்கத்துக் கல்லுல அந்த பட்டன் பாலிப் வேற கண்டபடி பரவிடுச்சு. ரெண்டு கல்லையும் எடுத்துக் கொதிக்க வெச்சு சுத்தம் பண்ணிடட்டுமா?"

"தம்பி, அடுப்பைப் பத்த வெக்காதீங்க. எதையும் தொடவும் வேணாம். வந்துட்டே இருக்கேன்."

வண்டியை எடுக்கும்போது டோட்ஸ்டூல் என்ற அந்தக் காளான் வடிவ மென்பவளத்தைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அது சாகவில்லை என்று போனிலேயே தெரிந்துவிட்டது. என் பயமெல்லாம் அந்த அடுப்பைப் பற்றித்தான்.

மென்பவளம் வாங்க வருகிறவர்களிடம் கடையில் சொல்லும் முதல் வார்த்தை, "இது ஈஸி சார், சாகவே சாகாது" என்பது. பாதி உண்மை. கல் பவளத்துக்குச் சுண்ணாம்புக் கூடு இருக்கிறது; ஆபத்து என்றால் உள்ளே இழுத்துக்கொள்ளும். மென்பவளத்துக்கு அந்த வசதி கிடையாது. சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சுண்ணாம்பு முட்கள்தான் உண்டு. ஓட முடியாது, ஒளியவும் இடமில்லை. அதனால் மருந்து வைத்துச் சண்டை போடுகிறது. டோட்ஸ்டூல், ஃபிங்கர் லெதர் போன்ற 'லெதர்' மென்பவளங்கள் டெர்பீன் வகை வேதிப்பொருட்களைத் தண்ணீரில் கசியவிட்டுப் பக்கத்துப் பவளத்தின் வளர்ச்சியை அமுக்கும். கடலில் அதை அலை அடித்துக்கொண்டு போய்விடும். இருநூறு லிட்டர் டேங்க்கில் அது எங்கே போகும்?

அதனால்தான் என் வாடிக்கையாளர்கள் எல்லோர் சம்ப்பிலும் (டேங்க்குத் தண்ணீரை வடிகட்டும் தனித் தொட்டி) அந்த மருந்தை உறிஞ்ச ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பன் தொங்கும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவேன். "தண்ணி பளிச்சுனுதானே இருக்கு, எதுக்கு மாத்தணும்?" என்று கேட்பார்கள். பளிச்சென்று இருப்பது கண்ணுக்கு. கல் பவளமும் லெதரும் கலந்து வைத்திருக்கும் டேங்க்கில் காரணமே இல்லாமல் கல் பவளம் சுருங்கிக்கொண்டே போனால், நான் டெஸ்ட் கிட்டை எடுப்பதற்கு முன்னால் கார்பன் பையைத்தான் எடுத்துப் பார்ப்பேன். லெதரை வெட்டி ஃபிராக் (தனியாக வளர்க்கும் சிறு துண்டு) எடுப்பதாக இருந்தால் தனி வாளியில் வைத்துச் செய்யுங்கள். டேங்க்கிலேயே வெட்டினால் அந்தச் சாறு முழுக்க மற்றதுக்குத்தான்.

அந்தப் பாலாடை விஷயம் வேறு. டோட்ஸ்டூல் அவ்வப்போது தோல் உரிக்கும். மேலே படிந்த பாசியையும் அழுக்கையும் மெழுகு போன்ற ஒரு படலத்தோடு சேர்த்துக் கழற்றிவிடும். சில நாள், சமயத்தில் இரண்டு வாரம்கூட மூடிக் கிடக்கும். நீரோட்டத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும். நகத்தால் உரிக்கக் கூடாது. உண்மையிலேயே செத்துக்கொண்டிருக்கும் பவளம் கறுத்து, குழகுழவென்று கரைந்து, நாறும். மூக்கு பொய் சொல்லாது.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். உப்பு ஆயிரத்துக்கு 35, சூடு 24 முதல் 27 டிகிரி, ஆல்கலினிட்டி (தண்ணீரின் காரத்தன்மை) 8 முதல் 11 டி.கே.எச்., கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல். உப்பு கலக்க ஆர்.ஓ.வோடு அயனி நீக்கும் டி.ஐ. வடிகட்டியும் சேர்ந்த, டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) பூஜ்யம் காட்டும் தண்ணீர் வேண்டும். கேன் தண்ணீரும் போர் தண்ணீரும் உதவாது. எலியட்ஸ் பீச்சில் கேனில் கடல்நீர் பிடித்துவந்து ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அடையாறு கடலில் கலக்குமிடம் கூப்பிடு தூரம் என்பதை அவர்களுக்கு யாராவது ஞாபகப்படுத்தினால் நல்லது. மீனுக்கு நோய் என்று காப்பர் மருந்தை அதே டேங்க்கில் ஊற்றினால் பவளத்தை மறந்துவிடலாம்.

சென்னையில் மென்பவளத்தைக் கொல்வது பெரும்பாலும் மே மாதம்தான். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்ற ஒரு மதியத்தில் தண்ணீர் 31-ஐத் தாண்டிவிடும். திசுவுக்குள் குடியிருந்து வெயிலைச் சோறாக்கித் தரும் பாசியைப் பவளம் வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கடல் சூடேறி நடந்ததும் இதேதான். பேட்டரியில் ஓடும் ஏர் பம்பும் ஒரு மேசை ஃபேனும் வைத்திருங்கள்.

இன்னொரு தவறு, அதிசுத்தம். நைட்ரேட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு "சீனியா கரையுது" என்பார்கள் (சீனியா என்பது ஒரு மென்பவளம்). மென்பவளத்துக்குக் கொஞ்சம் அழுக்கு வேண்டும். நைட்ரேட் லிட்டருக்கு 5 முதல் 15 மில்லிகிராம் வரை இருந்தால் நான் தொடமாட்டேன். கடையில் சிவப்பும் ஆரஞ்சுமாக ஜொலிக்கும் கார்னேஷன் பவளத்தை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். அதன் உடம்பில் பாசி கிடையாது. ஓயாமல் மிதந்துவரும் நுண்ணுயிரைத் தின்று வாழ்வது. வீட்டு டேங்க்கில் வாரக்கணக்கில் பட்டினி கிடந்து சாகும்.

இனி அந்த பட்டன் பாலிப். ஜோவா, பாலித்தோவா என்று கடையில் சொல்வது. விலங்கியல்படி மென்பவளமே இல்லை, ஆனாலும் அந்தத் தட்டில்தான் விற்கிறோம். இவற்றில் சிலவற்றுக்குள் பாலிடாக்ஸின் இருக்கிறது. ஹவாயின் மௌயி தீவில், ஹானா பகுதியில், ஈட்டிமுனையில் தடவினால் குத்துப்பட்டவன் பிழைக்கமாட்டான் என்று பேசப்பட்ட ஒரு 'கொல்லும் பாசி' இருந்தது. தேடிப்போனபோது அது பாசியல்ல, பாலித்தோவா என்று தெரிந்தது. 1971-ல் அதிலிருந்து நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். நம் செல் ஒவ்வொன்றிலும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் அளந்து மாற்றும் பம்ப் ஒன்று உண்டு. இந்த நஞ்சு அந்தப் பம்பைத் திறந்த ஓட்டையாக்கிவிடும். மாற்று மருந்து கிடையாது. கொதிக்கவைத்தாலும் அழியாது, ஆவியோடு சேர்ந்து வீடு முழுக்கப் பரவும்.

அலாஸ்காவின் ஆங்கரேஜில் 2012-க்கும் 2014-க்கும் இடையில் மீன் கடையிலும் வீடுகளிலும் இதனால் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், வாயில் உலோகச் சுவை என்று படுத்தவர்கள் உண்டு. 2018-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் டேங்க்கிலிருந்து பவளத்தை அகற்றிய ஒரு குடும்பமும், உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் மருத்துவமனைக்குப் போனார்கள். எந்த ஜோவாவில் நஞ்சு, எதில் இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல என்னாலும் முடியாது. அதனால் எல்லாவற்றிலும் இருப்பதாகவே வைத்துக்கொள்கிறேன். நைட்ரைல் கையுறை, கண்ணாடி. பிரஷ் போட்டுத் தேய்ப்பதில்லை, வெந்நீர் இல்லை, காயவிடுவதும் இல்லை. கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு அந்த வேலையே இல்லை. கையாண்ட பிறகு மூச்சு முட்டினாலோ கண் எரிந்து சிவந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போய், 'பாலிடாக்ஸின்' என்ற பெயரை டாக்டரிடம் எழுதியே கொடுங்கள்.

கடைசியாகச் சட்டம். ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கமிருந்து லைவ் ராக் (உயிரிகள் ஒட்டிய கடல் கல்) தருகிறேன் என்று போனில் பேசுகிறவர்களிடம் வாங்காதீர்கள். கல் பவளம் மட்டுமல்ல, மென்பவளத்தின் உறவினர்களான கடல் விசிறி வகை எல்லாமும், ஆர்கன் பைப் பவளமும் 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தவை. பாலிப்பை விரித்திருக்கும் ஆர்கன் பைப்பைப் பார்த்து ஏதோ ஸ்டார் பாலிப் என்ற சாதாரண மென்பவளம் என்று நினைத்து வாங்கியவரை எனக்குத் தெரியும். அடியில் சிவப்புக் குழாய்கள் இருந்தால் அதுதான்.

அடையாறு வீட்டில் பட்டன் பாலிப் கல்லைத் தண்ணீருக்குள்ளேயே வாளிக்கு மாற்றி, மூடிப் பால்கனிக்குக் கொண்டுபோனேன். அங்கே, ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் என்று புதிதாகக் கலந்த கரைசலில் முக்கால் மணி நேரம் ஊறப்போட்டேன். அரை மணியே போதும், எனக்குப் பயம் ஜாஸ்தி. பிளீச்சோடு வினிகரோ ஆசிடோ சேரக் கூடாது. டோட்ஸ்டூலுக்கு, நீரோட்டம் தரும் வேவ்மேக்கரைக் கொஞ்சம் திருப்பிவிட்டதோடு சரி. ஆறாம் நாள் விரிந்த போட்டோ வந்தது.

கிளம்பும்போது சமையலறையைத் தாண்டித்தான் போகவேண்டும். அடுப்பில் இட்லிப் பானை, தண்ணீர் நிரப்பித் தயாராக இருந்தது. தம்பியின் அம்மா அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "என் பானையிலயாடா?" என்று அவர் கேட்டது என்னை அல்ல.