இன்சென்டிவ் – ஊக்குவிப்பு

தரவு மையங்களைப் பசுமை மின்சாரத்துக்கு மாற்றுவது பற்றிய கொள்கை ஆவணங்களில் ‘இன்சென்டிவ்’ பத்திக்குப் பத்தி வரும். தமிழில் அதை ஓரிடத்தில் மானியம், அடுத்த வரியில் சலுகை, பிறகு ஊக்கத்தொகை என்று எழுதிவிடுகிறோம். மூன்றும் ஒன்றல்ல.

சொல்லின் மூலம் லத்தீன். ‘கனெரே’ என்றால் பாடுதல். அதில் பிறந்த ‘இன்கென்டிவும்’, பாட்டை எடுத்துக் கொடுப்பதைக் குறித்தது. ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர் தொடர்வார்கள். தமிழில் ஊக்கம் பழைய சொல். குறளின் 60ஆம் அதிகாரத்தின் பெயரே ஊக்கமுடைமை. ஆனால் அது ஒருவரின் உள்ளத்தில் இருக்கும் முனைப்பு. வெளியிலிருந்து எழுப்புவதைச் சொல்லப் பிறவினை வேண்டும்: ஊக்குவி, ஊக்குவிப்பு. இன்சென்டிவுக்குப் பொதுச்சொல்லாக இதுவே பொருந்தும்.

ஊக்கத்தொகை கைக்கு வரும் பணம் மட்டுமே. மின்தொடரமைப்பில் முன்னுரிமை இணைப்பு தருவதும் ஊக்குவிப்புதான், அதில் தொகை ஏது? மானியம் முன்பு வரியில்லாமல் விடப்பட்ட நிலம். இன்று அரசு ஏற்கும் செலவுப் பங்கு. வரி குறைந்தால் சலுகை, முழுதும் நீங்கினால் விலக்கு.

எதற்காகக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் உண்மையான வேறுபாடு. அமெரிக்காவின் 1992 சட்டம் காற்றாலை உற்பத்திக்கு யூனிட்டுக்கு 1.5 சென்ட் வரிக்கழிவு தந்தது. 2005 சட்டம் சூரியமின் நிலையத்தின் முதலீட்டில் 30 சதவீதத்தை வரியிலிருந்து கழித்தது. முன்னது ‘உற்பத்திசார் ஊக்குவிப்பு’, பின்னது ‘முதலீடுசார் ஊக்குவிப்பு’. இரண்டாவதில் நிலையம் குறைவாக ஓடினாலும் வரிக்கழிவு குறையாது.

தரவு மையத்துக்கு இரண்டுமே போதாது. கணினிகள் 10 மெகாவாட் எடுக்கின்றன, குளிரூட்டல் முதலியவற்றையும் சேர்த்தால் அதன் 1.4 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். இடைவிடாமல் 14 மெகாவாட்; ஆண்டுக்குச் சுமார் 12.26 கோடி யூனிட். நிறுவுதிறனில் 20 சதவீதம் தரும் சூரியமின் நிலையம் என்றால் 70 மெகாவாட் வேண்டும். ஆண்டுக் கணக்கு நேராகிவிடும். நள்ளிரவில் அந்த நிலையம் தருவது சுழியம். சேமிப்பு மின்கலம் இல்லையென்றால் அந்நேரத்துக்குப் பெரும்பாலும் நிலக்கரியோ எரிவாயுவோ எரியும். ஆகவே ஊக்குவிப்பை ‘மணிவாரி ஈடு’ செய்பவருக்கே, அதாவது ஒவ்வொரு மணி நேரத்தின் பயன்பாட்டையும் அதே மணி நேரத்தின் பசுமை மின்சாரத்தால் ஈடுசெய்பவருக்கே, தர வேண்டும். பழைய அணை ஒன்றின் மின்சாரத்துக்கான பசுமைச் சான்றிதழை மட்டும் வாங்கிக் காட்டுவதற்கும் சலுகை கிடைத்தால், புதிதாக ஒரு யூனிட்கூடச் சேராது.

ஜெர்மனியின் 2023 எரிசக்தித் திறன் சட்டம், தரவு மையங்கள் 2024 முதல் பாதி மின்சாரத்தையும் 2027 முதல் முழுவதையும் புதுப்பிக்கத்தக்க மூலங்களால் கணக்களவில் ஈடுசெய்ய வேண்டும் என்றது. இதையும் ஊக்குவிப்பு என்று எழுதுவது பிழை. இது கடப்பாடு. ‘கணக்களவில்’ என்றால் மணிக்கு மணி அல்ல, மொத்தக் கணக்கு நேரானால் போதும் என்பதால், நள்ளிரவு இடைவெளி இங்கும் அப்படியே நிற்கிறது.