மொனாஸ்ட்ரி: விகாரையா, மடமா, ஆச்சிரமமா?

தங்கச்சியின் மகள் உயர்தரத்தில் கிறிஸ்தவ நாகரிகம் படிக்கிறாள். ஒருநாள் பின்னேரம் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து, "மாமா, மொனாஸ்ட்ரி எண்டா விகாரைதானே?" என்று கேட்டாள். "புனித ஆசீர்வாதப்பர் மொந்தே கசினோவில் ஒரு விகாரையைக் கட்டினார்" என்று கொப்பியில் எழுதியும் வைத்திருந்தாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. மட்டக்களப்பில் இருந்து அம்பாறைப் பக்கம் போனால் தீகவாபி, ராஜகல, பொத்துவில் முகுது மகா விகாரை என்று எத்தனையோ பழைய பௌத்தத் துறவிகளின் இடங்கள். அந்த ஆங்கிலச் சொல்லை நாம் செய்திகளில் கேட்பதும் பெரும்பாலும் அவற்றைப் பற்றித்தான். விகாரை என்ற சொல்லும் ஆதியில் துறவிகள் தங்கும் இடத்தையே குறித்தது. ஆனால் இன்றைக்குத் தமிழில் விகாரை என்றால் புத்தர் சிலையும் வெள்ளரசும் உள்ள இடம். இத்தாலியில் ஒரு மலையுச்சியில் சங்கீதம் பாடிய கத்தோலிக்கத் துறவிகளின் வீட்டுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. சரி, எது பொருந்தும்? அதைச் சொல்வதற்கு முதல் சொல்லின் வேரைப் பார்க்க வேண்டும்.

கிரேக்கத்தில் 'மொனோஸ்' என்றால் தனி, ஒற்றை. அதிலிருந்து 'மொனாகோஸ்', தனித்திருப்பவர். 'மொனஸ்தேரியோன்' அவர் இருக்கும் இடம். இது லத்தீனுக்குப் போய், அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளிலெல்லாம் பரவியது. துறவியைக் குறிக்கும் 'மங்க்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேர்தான். ஜெர்மனியின் மியூனிக் நகரத்துக்குப் பெயர் வந்ததும் அங்கிருந்த துறவிகளால்தான்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 'மொனோஸ்' நம்முடைய 'மோனம்' என்ற சொல்லில் இருந்து வந்தது, 'மங்க்' என்பது 'முனி'யின் திரிபு என்று சிலர் ஆசையோடு எழுதுகிறார்கள். ஓசை ஒத்துப்போவதைத் தவிர அதற்கு ஆதாரம் கிடையாது. மோனம் வடமொழி மௌனத்தின் வழி வந்தது, பொருள் பேசாமை. மொனோஸ் தனிமை. கிறிஸ்தவத் துறவிகள் பேசாமையைப் பெரிதாகப் போற்றியது உண்மைதான். ஆசீர்வாதப்பர் (ஆங்கிலத்தில் பெனடிக்ட்) துறவிகளுக்கென்று எழுதிய ஒழுங்குநூலில் அதற்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது, இரவின் கடைசிச் செபத்துக்குப் பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. ஆனால் கருத்தில் நெருக்கமாக இருப்பதால் சொற்கள் உறவாகிவிடாது.

'மொனாகோஸ்' என்ற சொல் கிறிஸ்தவத் துறவியைக் குறித்து வரும் மிகப் பழைய எழுத்து ஒரு ஞான நூலில் இல்லை, ஒரு முறைப்பாட்டில் இருக்கிறது. கி.பி. 324இல் எகிப்தின் கரானிஸ் என்ற ஊரில் இசிதோர் என்ற கமக்காரன் பப்பைரஸ் தாளில் எழுதிக் கொடுத்தது. பக்கத்துக்காரரின் மாடு அவன் பயிரில் இறங்கி நாசம் செய்துவிட்டது. மாட்டைப் பிடித்து ஊருக்குள் கொண்டுபோனான். உரிமைக்காரர் பொல்லோடு வந்து அவனைக் கீழே தள்ளி அடித்து மாட்டைப் பறித்துக்கொண்டார்கள். அந்தோனின் என்ற திருத்தொண்டரும் ஈசாக் என்ற மொனாகோசும் வந்து தடுத்திராவிட்டால் என்னைக் கொன்றே போட்டிருப்பார்கள் என்கிறான்.

படுவான்கரையில் வயல் செய்கிறவர்களுக்கு இந்த வழக்கு புதிதாக இருக்காது. எனக்கு இதில் பிடித்தது, 'தனித்திருப்பவர்' என்று பெயர் பெற்ற மனிதர் ஊருக்குள்ளேயே இருக்கிறார், அடிபிடி நடக்கும் இடத்துக்கு ஓடி வருகிறார் என்பதுதான். அவருடைய தனிமை ஆட்களை விட்டு ஓடுவதாக இருந்திருக்காது. குடும்பம் இல்லாமல், இரண்டு மனமில்லாமல், ஒற்றை மனத்தோடு வாழ்வதாகத்தான் இருந்திருக்க வேண்டும். சிரிய மொழிக் கிறிஸ்தவர்கள் துறவியை 'ஈகிதாயா' என்றார்கள், ஒற்றையானவர் என்று பொருள். இயேசுவை ஒரே பேறானவர் என்று சொல்வதற்கும் அதே சொல்தான். தமிழின் 'தனி'யும் இப்படித்தான், 'தனித்து விட்டுவிட்டார்கள்' என்பதிலும் வருகிறது, 'தனிப்பெருமை' என்பதிலும் வருகிறது.

இதற்குச் சற்று முன்பிருந்தே வேறு சிலர் உண்மையிலேயே ஊரை விட்டுப் போயிருந்தார்கள். அவர்களில் பெயர் பெற்றவர் அந்தோனியார், ஜூன் 13இல் நாம் திருநாள் எடுக்கும் பதுவை அந்தோனியாருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவர். உனக்குள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு என்ற நற்செய்தி வாசகத்தைக் கோவிலில் கேட்டு, காணியை ஊராருக்குக் கொடுத்து, மற்ற உடைமைகளை விற்றுவிட்டு வெளிக்கிட்டவர். நைல் நதிக்கு அப்பால் பாழடைந்த கோட்டையில் 20 வருடம் தனியே இருந்து, 356இல் இறந்தார். கிரேக்கத்தில் பாலைவெளி 'எரேமோஸ்'. அங்கே இருந்ததால் இவர்களுக்கு 'எரேமித்தேஸ்' என்று பெயர் வந்தது. அதுவே ஆங்கிலத்தில் 'ஹெர்மிட்' ஆனது.

நம் முன்னோர் இவருக்கு என்ன பெயர் வைத்தார்கள்? வனத்து அந்தோனியார். அவருக்கு முன்னோடியாகச் சொல்லப்படும் பவுலுக்கு வனத்துச் சின்னப்பர். எகிப்தில் அவர்கள் இருந்த இடத்தில் மணலும் பாறையும்தான், மரத்தைக் காண்பது அரிது. ஆனால் தமிழில் தவம் செய்யப் போகிறவர் வனத்துக்குத்தான் போவார், பாலைவனம் என்ற சொல்லுக்குள்ளும் ஒரு வனம் நிற்கிறது. பழைய தமிழ் வேதாகமத்திலும் எரேமோஸ் 'வனாந்தரம்' என்றே வரும். உகந்தை தாண்டிக் குமணக் காட்டு வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்தவர்களிடம் 'வனத்து அந்தோனியார்' என்று சொல்லிப் பாருங்கள், விளக்கமே தேவைப்படாது. பின்னால் வந்த பொது மொழிபெயர்ப்பு வனாந்தரத்தை விட்டுப் 'பாலைநிலம்' என்று எழுதியது. நிலத்தைப் பார்த்தால் அது சரி. அதைவிட, தமிழ் இலக்கணத்தில் பாலைத் திணைக்கு உரிய பொருள் பிரிவு. இந்தத் துறவிகள் தங்கள் வாழ்வைக் குறிக்கப் பயன்படுத்திய 'அனகோரேசிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் விலகிப் போதல் என்றுதான் பொருள். மொழிபெயர்த்தவர்கள் இதை நினைத்துச் செய்தார்களோ இல்லையோ, பாலை என்ற சொல் இவ்வளவு ஆழமாகப் பொருந்துவதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது.

அப்புறம் பக்கோமியு என்பவர் வந்தார். முன்னாள் படைவீரர். ஏறத்தாழ 320இல் நைல் கரையில் தபென்னீசி என்ற ஊரில் துறவிகளை ஒரே மதிலுக்குள், ஒரே ஒழுங்கின் கீழ் கூட்டி வைத்தார். ஒன்றாகச் செபம், ஒன்றாகச் சாப்பாடு, ஒன்றாக வேலை. இதற்குக் 'கொய்னோஸ் பியோஸ்', பொதுவாழ்வு என்று பெயர். பின்னால் பெரிய பசிலியார் என்ற ஆயர் தனியாக இருப்பவர்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: நீ தனியாக இருந்தால் யாருடைய பாதத்தைக் கழுவுவாய்? சரி, கூடி வாழ்கிறவர்களைத் 'தனித்தவர்' என்று சொல்வது எப்படி? இதற்கு மறுமொழி சொன்னவர் ஆயர் அகுஸ்தீனார். சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுகிறது எத்தனை நன்மை என்ற வேதாகமச் சங்கீதத்தை விளக்கும்போது, பலர் சேர்ந்து ஒரே மனமும் ஒரே இதயமுமாக ஓர் ஆளைப்போல் வாழ்ந்தால் அவர்களுக்கு 'மொனோஸ்' என்ற பெயர் சரியாகப் பொருந்தும் என்றார். உடல் பல, மனம் ஒன்று. அந்த வசனத்தின் தமிழில் உள்ள 'ஒருமித்து' என்ற சொல்லே முழு விளக்கத்தையும் தாங்கி நிற்கிறது.

இனித் தமிழ்ச் சொற்கள்.

இந்தப் பொருளுக்குத் தமிழில் இருந்த மிகப் பழைய சொல் 'பள்ளி'. படுக்கும் இடம், தங்கும் இடம் என்பது அடிப்படைப் பொருள், பள்ளியறை என்பதில் அது இன்னும் இருக்கிறது. சமண, பௌத்தத் துறவிகளின் உறைவிடங்களைப் பள்ளி என்றார்கள், அவற்றுக்கு விட்ட நிலத்தைப் பள்ளிச்சந்தம் என்றார்கள். துறவிகள் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள், சொல் பள்ளிக்கூடத்துக்குப் போனது. காத்தான்குடியிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் பள்ளி என்றால் இன்று பள்ளிவாசல். ஆகவே இதைத் திரும்பக் கேட்க முடியாது. ஆனால் பக்கத்திலேயே இதே மாதிரி இன்னொரு சொல்லின் கதை நடந்திருக்கிறது. 'கொன்வென்ட்' லத்தீனில் 'கூடிவருதல்', அதாவது துறவிகளின் கூட்டுவீடு. மட்டக்களப்பில் "கொன்வென்ட் விட்டாச்சா?" என்று யாராவது கேட்டால் அவர் விசாரிப்பது பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை. கன்னியர் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள், சொல்லும் கூடவே போனது. பள்ளிக்கு நடந்ததேதான் கொன்வென்டுக்கும் நடந்தது.

'ஆச்சிரமம்' என்ற சொல்லுக்கு ஈழத்துக் கத்தோலிக்கரிடையே உரிமை இருக்கிறது. யாழ்ப்பாணம் தோலகட்டியில் 1928இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைத் தாசர் சபையின் இருப்பிடத்தைத் தோலகட்டி ஆச்சிரமம் என்றுதான் சொல்வோம். பலருக்கு அது நெல்லிரசப் போத்தலால் தெரிந்த பெயர், ஆனால் அது செபத்துக்கும் தியானத்துக்குமென்றே இந்த மண்ணில் முளைத்த ஒரு துறவு வாழ்வு. ஆச்சிரமத்தின் வடமொழி வேருக்கு உழைத்தல், பாடுபடுதல் என்று பொருள், நாம் சொல்லும் 'சிரம'மும் அந்த வேர்தான். ஆசீர்வாதப்பரின் ஒழுங்குநூல் 48ஆம் அதிகாரத்தில், தங்கள் கைகளின் உழைப்பால் வாழும்போதுதான் அவர்கள் உண்மையான துறவிகள் என்கிறது. 'செபமும் உழைப்பும்' என்ற புகழ்பெற்ற வாசகம் அந்த நூலில் அப்படியே இல்லை, பிற்காலத்தில் வந்த சுருக்கம். ஆனால் வாழ்க்கை அதுதான்: பகலில் ஏழு தரம், இரவில் ஒரு தரம் கோவிலில் கூடி, ஒரு கிழமைக்குள் 150 திருப்பாடல்களையும் பாடி முடிப்பார்கள். நம்முடைய சுவாமிமார் கட்டளைச் செபம் என்றும், இப்போது திருப்புகழ்மாலை என்றும் சொல்வது இதன் தொடர்ச்சியே. இடையில் வேதத்தை மெல்ல வாசித்து, மனதில் அசைபோட்டு, செபித்து, கடைசியில் சும்மா இறைவன் முன் இருப்பது. மாடு புல்லை அசைபோடுவதைத்தான் அவர்களும் இதற்கு உவமையாகச் சொன்னார்கள்.

'மடம்' வடமொழியில் துறவிகளின் குடில், கற்கும் இடம். சைவர்களின் சொல் என்று தயங்குகிறவர்கள் உண்டு. தயக்கம் வேண்டாம், கன்னியர் மடம் என்று கத்தோலிக்கர் சொல்லிச் சொல்லி அது எப்போதோ நம் சொல்லாகிவிட்டது. இன்னொரு காரணமும் இருக்கிறது. கிழக்கில் மடம் என்றால் யாத்திரைக்காரர் இராத்தங்கி, சமைத்துச் சாப்பிட்டுப் போகும் இடமும்தான். கதிர்காமத்துக்கு நடப்பவர்களுக்கு வழியில் மடங்கள் இருந்தன, யார் எவர் என்று கேட்காத இடங்கள். அதே ஒழுங்குநூலின் 53ஆம் அதிகாரம், வரும் விருந்தாளிகள் எல்லாரையும் கிறிஸ்துவாகவே எண்ணி ஏற்க வேண்டும் என்கிறது. மொனஸ்தேரியோன் என்ற கிரேக்கச் சொல்லில் இல்லாத இந்தக் கதவு தமிழின் மடத்தில் திறந்தே இருக்கிறது.

மடம் என்று மட்டும் எழுதினால் சத்திரமா, சைவ மடமா, கன்னியர் மடமா என்று குழப்பம் வரும். ஆகவே 'துறவு மடம்' என்று எழுதுவதே நல்லது. அங்கே இருப்பவர் 'மடத்துத் துறவி', தனியே தவம் செய்பவர் 'வனத்துத் துறவி'. தலைவருக்கு ஆங்கிலத்தில் உள்ள 'அபட்' என்ற பெயர் அப்பா என்று பொருள்படும் 'அப்பா' என்ற அரமேயச் சொல்லின் பிள்ளை, நமக்கு மொழிபெயர்க்கக்கூடத் தேவையில்லாத சொல். வழக்கில் 'மடாதிபதி' என்கிறார்கள். எனக்கு 'மடத்துத் தந்தை' பிடிக்கும், அதிபதியில் அந்தத் தகப்பன் இல்லை.

துறவியையெல்லாம் குருவானவர் என்று எழுதுவது பெரிய பிழை. வனத்து அந்தோனியார் குரு இல்லை, ஆசீர்வாதப்பரும் குருவாக இருந்ததற்குச் சான்று இல்லை. அதுபோல எல்லாத் துறவற சபையாரும் மடத்துத் துறவிகள் இல்லை. மட்டக்களப்பில் நாம் அதிகம் பழகியது புனித மிக்கேல் கல்லூரியை நடத்திய இயேசு சபையாரோடு. 1540இல் உருவான அந்தச் சபை ஊர் ஊராகப் போய்ப் பணி செய்வதற்கானது, மடத்துத் துறவிகளைப்போல் கூடிப்பாடும் கட்டளைச் செபம் அவர்களுக்கு இல்லை. அந்தக் கல்லூரியில் படித்து, பின்னர் 1924இல் இராமகிருஷ்ண மடத்தில் துறவு பெற்ற காரைதீவு விபுலானந்தரையும் சுவாமி என்கிறோம், கத்தோலிக்கக் குருவையும் சுவாமி என்கிறோம். ஊர்வழக்கில் அது அழகு, கட்டுரையில் பிரித்துக் காட்ட வேண்டும்.

மருமகளுக்கு வித்தியாசத்தைப் புரியவைக்க ஒரு வழிதான் கைகொடுத்தது. "உங்கட சிஸ்டருக்கு மாற்றம் வருமா?" என்று கேட்டேன். "போன வருசமும் ஒராள் மாறிப் போனவ" என்றாள். பள்ளிக்கூடத்துச் சிஸ்டர்மார் கொடுக்கும் வார்த்தைப்பாடு மூன்று: கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல். ஆசீர்வாதப்பரின் துறவி கொடுப்பதும் மூன்றுதான், ஆனால் அதில் ஒன்று நிலைத்திருத்தல். நுழைந்த மடத்திலேயே, அதே ஆட்களோடு, சாகும்வரை. அவருக்கு மாற்றம் வராது.

அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கொப்பியில் 'விகாரை'யை வெட்டித் 'துறவு மடம்' என்று எழுதினாள். பிறகு, "அப்ப அந்த மாட்டுச் சண்டையைப் பிடிச்சுவிட்ட ஈசாக், அவர் எந்த மடம்?" என்று கேட்டாள். அவர் காலத்தில் கரானிஸில் மடம் கட்டியிருக்க வேண்டிய தேவை இல்லை, ஊருக்குள் ஒரு வீட்டில் இருந்திருப்பார் என்றேன். அவருக்கு மட்டும் 'தனித்தவர்' என்று எழுதிக்கொண்டாள்.