பைலட் பயிற்சியின் தரத்தை எதை வைத்து எடைபோடுவது?

சிறிய விமான நிறுவனங்களில் சேரப்போகும் இளம் பைலட்டுகள் என்னிடம் விசாரிப்பதெல்லாம் சம்பளம், எந்த ஊரில் வேலை, எத்தனை வருடத்தில் கேப்டன் ஆகலாம் என்பதைத்தான். பயிற்சியைப் பற்றிக் கேட்கிறவர்கள் குறைவு. அவர்களும் "சிமுலேட்டரில் எத்தனை மணி நேரம் கிடைக்கும்?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சிமுலேட்டரில் பயிற்சி கொடுக்கிறவன் என்ற முறையில் இது எனக்குக் கவலை தருகிறது. மணிக்கணக்கை மட்டும் பார்த்து ஏமாந்துபோகக் கூடாது என்பதற்குக் கோல்கன் ஏர் 3407 விபத்தைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

2009 பிப்ரவரி 12 இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோவுக்குச் சென்ற டாஷ் 8 க்யூ400 விமானம் அது. டிக்கெட்டில் இருந்தது கான்டினென்டல் என்ற பெரிய நிறுவனத்தின் பெயர். ஓட்டியது கோல்கன் ஏர் என்ற ரீஜனல் நிறுவனம். அமெரிக்காவில் இது சாதாரண ஏற்பாடு. தரையிறங்கத் தயாராகும்போது வேகம் குறைந்துகொண்டே வந்ததை பைலட்டுகள் இருவருமே கவனிக்கவில்லை. கேப்டனின் கையில் இருந்த கண்ட்ரோல் அதிர்ந்தது. ஸ்டிக் ஷேக்கர் என்கிற அந்த எச்சரிக்கை, ஸ்டால் நெருங்குகிறது, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கப்போகிறது என்று சொல்வது. இறக்கையில் பனி உறையும் சூழலுக்கான ஸ்விட்ச் போட்டிருந்ததால் அது வழக்கத்தைவிடக் கூடுதல் வேகத்திலேயே அதிர்ந்தது. அந்த நொடியில் விமானம் இன்னும் ஸ்டால் ஆகவில்லை. மூக்கைத் தாழ்த்தி பவர் கொடுத்திருந்தால் மீண்டிருக்கும். கேப்டன் கண்ட்ரோலைப் பின்னால் இழுத்தார். மூக்கைத் தானாகவே கீழே தள்ளும் ஸ்டிக் புஷர் வேலை செய்தபோதும் அதை எதிர்த்து இழுத்தார். நடுவில் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை பைலட், குறைந்த வேகத்தில் இறக்கைக்குக் கூடுதல் தூக்கும் சக்தி தரும் ஃபிளாப்பை யாரும் கேட்காமலே மேலே ஏற்றினார். விமானத்தில் இருந்த 49 பேரும், விழுந்த வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள்.

முதலில் பலரும் பனியைச் சந்தேகித்தார்கள். விசாரணையில், ஸ்டிக் ஷேக்கருக்குக் கேப்டன் தவறாக எதிர்வினை செய்ததே காரணம் என்று தெரிந்தது. அந்த எதிர்வினை எங்கிருந்து வந்தது என்பதுதான் எங்களைப் போன்ற பயிற்சியாளர்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி.

அன்றைய ஸ்டால் பயிற்சி எப்படி இருந்தது? "இப்போது ஸ்டால் செய்யப்போகிறோம்" என்று சொல்லிவிட்டுச் செய்வார்கள். எச்சரிக்கை வந்த உடனே மீள வேண்டும், முழு ஸ்டால் வரை போவதில்லை. உயரம் குறையாமல் மீள்வதுதான் திறமை என்று மதிப்பெண் போட்டார்கள். மூக்கைத் தாழ்த்தினால் உயரம் குறையும், குறைந்தால் செக்கில், அதாவது திறமையைச் சோதிக்கும் தேர்வில், குறை சொல்வார்கள். எதிர்பார்க்காத நேரத்தில் இதே எச்சரிக்கை வந்தால் கை எந்தப் பக்கம் போகும்? ஸ்டிக் புஷரைப் பற்றியோ அந்தக் கேப்டனுக்கு வகுப்பறையில் மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். இந்த விமான வகையின் சிமுலேட்டரில் அது தள்ளுவதை அவர் கையால் உணர்ந்ததில்லை.

இன்னொன்று, அவருடைய பழைய தோல்விகள். வேலைக்கு வரும் முன்பே அவர் சில உரிமத் தேர்வுகளில் தவறி, மறுபடி எழுந்து வந்தவர். எல்லாவற்றையும் விண்ணப்பத்தில் சொல்லவில்லை. கோல்கனில் சேர்ந்த பிறகும் செக்குகளில் தடுமாறியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் மறுபயிற்சி, மறு செக், பாஸ். இவருக்கு எது திரும்பத் திரும்ப வரவில்லை என்று யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. தேர்வில் ஒருமுறை தவறுவதால் யாரும் மோசமான பைலட் ஆகிவிட மாட்டார்கள், இதை அழுத்தியே சொல்கிறேன். ஆனால் ஒரே இடத்தில் மூன்றாம் தடவையும் தடுமாறுகிறவருக்கு உதவி வேண்டும். அந்த உதவி யாராவது கவனித்தால்தான் கிடைக்கும்.

தைவானில் 2015 பிப்ரவரி 4 அன்று விழுந்த டிரான்ஸ்ஏசியா ஏடிஆர் விமானத்திலும் இதைப் பார்க்கலாம். ஒரு இன்ஜின் பவர் இழந்தபோது கேப்டன் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மற்றொன்றை நிறுத்தினார். 43 பேர் இறந்தார்கள். டேக்-ஆஃபில் இன்ஜின் போனால் இவர் தயங்குகிறார், பதற்றப்படுகிறார் என்று பதவி உயர்வுப் பயிற்சியின்போதே பயிற்சியாளர்கள் குறிப்பு எழுதியிருந்தார்கள். அந்தக் குறிப்பு கோப்பில் இருந்தது, அவ்வளவுதான்.

பஃபலோ விபத்துக்குப் பிறகு அமெரிக்கா 2010ல் சட்டம் போட்டது. அதன்படி 2013 முதல் ஃபர்ஸ்ட் ஆபீசருக்கும், சில விலக்குகள் தவிர, 1,500 மணி நேரம் பறந்த அனுபவம் தேவை. பத்திரிகைகள் அதிகம் பேசியது இதைத்தான். ஆனால் விபத்தில் இறந்த கேப்டன் 3,379 மணி நேரமும், ஃபர்ஸ்ட் ஆபீசர் 2,244 மணி நேரமும் பறந்தவர்கள்! எனக்கு முக்கியமாகப் படுவது மற்ற மாற்றங்கள்தான். உயரம் போனாலும் பரவாயில்லை, முதலில் மூக்கைத் தாழ்த்து என்று 2012ல் வழிகாட்டுதல் மாறியது. சிமுலேட்டரில் முழு ஸ்டால் வரை கொண்டுபோய் மீட்கும் பயிற்சி 2019ல் கட்டாயமானது. பழைய சிமுலேட்டர்கள் பல அந்த நிலையைச் சரியாகக் காட்டவே இயலாதவை, அவற்றையும் மேம்படுத்த வேண்டியிருந்தது.

அதனால் எந்த நாட்டில், எந்த நிறுவனத்தில் சேர்ந்தாலும் அங்கே ஏற்கெனவே பறக்கிறவர்களைப் பிடித்துப் பேசுங்கள். செக்கில் என்ன வரும் என்று முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறதா? அப்படியானால் அங்கே சோதிப்பது மனப்பாடத்தை. முழு ஸ்டாலை நீங்களே கையால் மீட்டீர்களா, எத்தனை தடவை? சிமுலேட்டர் முடிந்ததும் பயிற்சியாளர் உட்கார்ந்து பேசினாரா, கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பேட்ச்சுக்கு ஓடினாரா? பயிற்சியாளர்கள் வருடக்கணக்கில் இருக்கிறார்களா, ஆறு மாதத்தில் பெரிய நிறுவனத்துக்குப் போய்விடுகிறார்களா? அப்புறம், மிக முக்கியமான கேள்வி: தவறியவருக்கு என்ன நடந்தது? "இங்கே யாருமே தவறுவதில்லை" என்று பெருமையாகச் சொன்னால் நான் அங்கே சேரத் தயங்குவேன். "தவறினார், என்ன பிரச்சினை என்று பார்த்தார்கள், வேறு பயிற்சியாளரிடம் அனுப்பினார்கள், அடுத்த சில மாதம் கூடவே கவனித்தார்கள்" என்று ஒருவர் சொன்னால், சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் அந்த இடத்தையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.